தென்னாப்பிரிக்காவில் பி.ஆர்., அப்புறம் குடியுரிமை: நோட்டுப் போட்டு நாள் எண்ணுங்கள்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே உள்ள டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதிகள்: டர்பனை விட்டுக் கிளம்பிய நாள், திரும்பி வந்து இறங்கிய நாள். பக்கத்தில் காரணம்: 'அப்பா ஆபரேஷன்', 'தங்கச்சி கல்யாணம்', 'சும்மா'. கடைசியில் மொத்த நாட்கள். மனைவி அதைப் பால் கணக்கு என்று கேலி செய்வாள். குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த இரவில், பத்து வருடப் பயணங்களை எழுதும்படி படிவம் கேட்டபோது, அவளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தாள்.

நோட்டைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் குடியேறுகிறவர் இரண்டு நாள் கணக்குகளோடு வாழவேண்டும். பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்பு அனுமதி கையை விட்டுப் போகாமலிருக்க ஒன்று, குடியுரிமைக்குத் தகுதி பெற இன்னொன்று. முதலாவது தாராளமானது, இரண்டாவது கறாரானது. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

இது தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்தவர்களுக்கான குறிப்பு. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களின் வாரிசுகளுக்கு இது தேவையில்லை. ஆனால் அவர்களும் சும்மா குடியுரிமை பெற்றுவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் மறுபடி கூலி ஒப்பந்தம் போடாமல் இங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது 1895-ல் மூன்று பவுன் வரி போட்டார்கள். அதை எதிர்த்துச் சிறை சென்று வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. இந்தியர்களை இந்த நாட்டின் நிரந்தர மக்களாக அரசு ஒத்துக்கொண்டதே 1961-ல்தான். டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் பெரியவர்கள் யாராவது உங்களைப் பார்த்து 'எதுக்கு இவ்வளவு பேப்பரைத் தூக்கிட்டு அலையிற?' என்று கேட்டால், அவர்கள் தாத்தா கதையைக் கேளுங்கள். பேப்பர் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எந்த விசாவில் நிற்கிறீர்கள்?

எல்லாம் 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. பி.ஆருக்கு அதில் இரண்டு வாசல்கள்: 26-ஆம் பிரிவும் 27-ஆம் பிரிவும்.

நம்மில் பெரும்பாலோர் நுழைவது 26-ல். ஐந்து வருடம் வேலை விசாவில் இருந்து, நிரந்தர வேலைக்கான உறுதியும் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்நாட்டுக் குடிமகனையோ பி.ஆர். உள்ளவரையோ மணந்து ஐந்து வருடம் ஆகியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மண வழியில் ஒரு கொக்கி உண்டு. பி.ஆர். கிடைத்த இரண்டு வருடத்துக்குள் அந்த உறவு முறிந்தால் பி.ஆரும் காலாவதியாகிவிடும். துணை இறந்துபோனால் மட்டும் விலக்கு.

27-ஆம் பிரிவில் அரிய திறன் உடையவர்கள், தொழில் தொடங்குபவர்கள், ஓய்வூதியக்காரர்கள், 1 கோடியே 20 லட்சம் ராண்ட் நிகரச் சொத்துக் காட்டுபவர்கள் எல்லாம் வருகிறார்கள். கடைசி வகையைச் சேர்ந்தவர் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், அவருடைய வக்கீல் படிப்பார். பொறியாளர்கள், மருத்துவர்கள், மென்பொருள்காரர்கள் பார்க்கவேண்டியது அரிய திறன் பட்டியலை. 2014-க்குப் பிறகு அது பலமுறை மாறியிருக்கிறது. உங்கள் தொழில் இன்றைய பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, நீங்கள் வந்த வருடத்துப் பட்டியல் உதவாது.

சென்னை, கோயம்புத்தூர் கம்பெனிகள் அனுப்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிக்குள் இடமாற்றம் என்ற விசா நான்கு வருடத்துக்குத்தான், நீட்டிப்பு கிடையாது. ஐந்து வருடக் கணக்கு அதில் நிறையவே நிறையாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூன்றரை வருடம் ஓட்டிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிறகு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே இருக்கப்போகிறோம் என்று தோன்றிய முதல் வருடத்திலேயே வேறு வகை விசாவுக்கு வழி பாருங்கள்.

இனிஷியல் என்கிற பெரிய தலைவலி

சட்டம் புரிந்துகொள்ள எளிது. தமிழனை மாட்டிவிடுவது அவன் பெயர்தான்.

முருகேசன் மகன் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பட்டச் சான்றிதழில் 'மு. செல்வம்'. பாஸ்போர்ட்டில் 'செல்வம் முருகேசன்' முழுதும் முதற்பெயர்க் கட்டத்தில், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. மனைவியின் பட்டத்தில் 'ர. கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வம்'. மகள் பெயருக்குப் பின்னால் 'செல்வம்'. ஊரில் இதை யாரும் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார்கள். இங்கே அதிகாரியின் கண்ணுக்கு மூன்று வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவின் குடும்பப் பெயர் முருகேசன் என்றால் மகளுக்கு எப்படிச் செல்வம் என்ற குடும்பப் பெயர் வந்தது என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது என்பதை கவுன்டரில் நின்று இரண்டு நிமிடத்தில் விளக்க முடியாது.

ஆகவே விண்ணப்பத்துக்குக் குறைந்தது ஒரு வருடத்துக்கு முன்பே இதைச் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் இந்தியத் துணைத் தூதரகங்களிலும் பிரிட்டோரியா தூதரகத்திலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பிறகு 'மு. செல்வமும் செல்வம் முருகேசனும் ஒரே ஆள்' என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியிடம் கையெழுத்திடுங்கள். இங்கே எந்தக் காவல் நிலையத்திலும் அதைச் செய்யலாம். நகல்களுக்குச் சான்று முத்திரையும் அங்கே இலவசமாகக் குத்துவார்கள். டஜன் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் பெயரில் உள்ள 'தா'வுக்கு ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதலாகப் போடலாம், போடாமலும் விடலாம். பாஸ்போர்ட்டில் இருந்தது. காவல்துறை நற்சான்றுக்கான படிவத்தை நான் அவசரமாக நிரப்பியபோது விட்டுவிட்டேன். ஒரே ஓர் எழுத்து. மறுபடி கைரேகை, மறுபடி காத்திருப்பு. அதற்குள் மருத்துவச் சான்றின் ஆறு மாதம் முடிந்து, நெஞ்சு எக்ஸ்ரே இரண்டாம் முறை. அந்த எச் எங்களுக்கு எத்தனை ராண்ட் செலவு வைத்தது என்று அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

நற்சான்று பற்றி இன்னொன்று. பதினெட்டு வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும். இங்கே வருமுன் துபாயிலோ குவைத்திலோ இரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள், அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே வழிமுறையைக் கேட்டு வைத்துக்கொண்டால் புண்ணியம்.

கல்யாணச் சான்றிதழும் முக்கியம். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, பதிவு செய்யாமலே விட்டவர்கள் நம்மில் ஏராளம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லாருக்கும் பதிவு கட்டாயமானது. அதற்கு முன் கட்டியவர்கள் ஊருக்குப் போகும் அடுத்த லீவிலேயே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். இந்தியச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு குத்தும் சான்று, வேண்டும். தமிழில் இருப்பதைப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க வேண்டும். பட்டங்களுக்கு, இந்நாட்டுக் கல்வித் தகுதி ஆணையமான சாக்வாவின் மதிப்பீடு. இதில் எதுவும் கஷ்டமில்லை, ஒவ்வொன்றும் நேரம் தின்னும், அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டபின் தூங்கிவிடாதீர்கள்

விண்ணப்பத்தை, அரசுக்காக விண்ணப்பம் வாங்கும் நிறுவனமான வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்கவேண்டும். முடிவெடுப்பது ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை. பலர் தவறவிடுவது இதற்குப் பின்னால் வருவதைத்தான். பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பது இங்கே தங்குவதற்கான அனுமதி ஆகாது. கையில் இருக்கும் தற்காலிக விசா உயிரோடு இருந்தே ஆகவேண்டும். அது முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே நீட்டிப்புக்குப் போடவேண்டும். பி.ஆர். வந்துவிடும் என்று நம்பி விசாவைக் காலாவதியாக விட்டு, அப்படியே ஊருக்குக் கிளம்பினால், விமான நிலையத்தில் 'விரும்பத்தகாதவர்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். முப்பது நாளுக்குள் மீறியிருந்தால் 12 மாதத் தடை, அதற்கு மேல் என்றால் ஐந்து வருடம்.

நிராகரித்தால் மனம் உடைய வேண்டாம், நாளையும் தள்ள வேண்டாம். மறுபரிசீலனை கேட்க 10 வேலை நாட்கள்தான் அவகாசம். கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். காரணத்தை நிதானமாகப் படித்து, எந்தத் தாள் குறைந்ததோ அதை இணைத்து அனுப்புங்கள்.

பி.ஆர். வந்தபின்: மூன்று வருடக் கயிறு

பி.ஆர். கிடைத்ததும் பதின்மூன்று இலக்க அடையாள எண் கிடைக்கும். முதல் ஆறும் பிறந்த தேதி. பதினோராவது இலக்கத்தைப் பாருங்கள். குடிமகனுக்கு அது 0, நமக்கு 1. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்கும் ஓர் எண் கொடுத்து ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். அது போல நம்மை அடையாளம் காட்டுவது இந்த ஒற்றை 1.

குடிமகனுக்கு மட்டும் என்று சட்டம் ஒதுக்கியவை தவிர மற்ற உரிமை எல்லாம் உண்டு. எந்த வேலையும் பார்க்கலாம், வேலை மாறலாம், கடை போடலாம். ஓட்டு மட்டும் கிடையாது, இந்நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது.

இனி இது எப்படிக் கைநழுவும் என்று பார்ப்போம். கொடுத்த ஒரு வருடத்துக்குள் வந்து குடியேறாவிட்டால் அரசு அதைப் பறித்துக்கொள்ளலாம். கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றாலும் போகும். நிபந்தனையோடு கொடுத்திருந்து அதை மீறினாலும் போகும். ஆனால் நம் ஆட்களுக்கு உண்மையான ஆபத்து நான்காவதில் இருக்கிறது: மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டில் இல்லாமலிருப்பது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போனவர், பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தவர், மஸ்கட்டில் நல்ல சம்பளம் என்று போனவர், இவர்கள் எல்லாம் தெரியாமலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.

தக்க காரணம் காட்டி அந்தக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். ஆனால் மூன்று வருடம் முடிவதற்கு முன்பே கேட்கவேண்டும். இந்நாட்டுக் கம்பெனியின் ஊழியராக வெளிநாட்டில் வேலை பார்த்த காலம் கணக்கில் சேராது, கம்பெனியின் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றபடி அந்தக் கணக்கு அறுபடுவது திரும்பி உள்ளே வந்து தங்குவதால்தான். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கி, முத்திரை வாங்கி, மறு விமானத்தில் ஏறுவது தங்குவதாகுமா என்று கேட்டால், நான் அந்தப் பரீட்சையை எழுத மாட்டேன். வந்தால் சில வாரங்களாவது வாழ்ந்துவிட்டுப் போங்கள்.

பழைய பாஸ்போர்ட்டுகளை எறியாதீர்கள். மூலை வெட்டிக் கொடுப்பதைக் குப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் நோட்டுக்குச் சாட்சி அந்த முத்திரைகள்தான்.

குடியுரிமை: தொண்ணூறு நாள் கணக்கு

இங்கே சட்டம் மாறுகிறது. 1995-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 2010-ல் திருத்தப்பட்டு 2013 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 5-ஆம் பிரிவு கேட்பவை: வயது வந்தவராக, பி.ஆர். உள்ளவராக, நன்னடத்தை உள்ளவராக இருக்கவேண்டும். தொடர்ந்து இங்கே வாழும் எண்ணம் வேண்டும். குடிமகனின் உரிமையும் கடமையும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்சி மொழிகளில் ஏதாவது ஒன்றில் பேச வரவேண்டும். ஆட்சி மொழிகள் இப்போது சைகை மொழியையும் சேர்த்துப் பன்னிரண்டு. தமிழ் அதில் இல்லை. ஆனால் அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவில், மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் அச்சாகியிருக்கிறது. விண்ணப்பத்துக்கு அதனால் பைசா பிரயோசனம் இல்லை. படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

எத்தனை வருடம் என்பதில்தான் குழப்பம். சட்டத்தின் வாசகம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத் தொடர் வாசம் என்கிறது. 2012 டிசம்பரில் வந்த விதிமுறைகள் பத்து வருடம் என்கின்றன. அந்த விதிமுறைகளே, எந்த ஒரு வருடத்திலும் 90 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. வக்கீல்கள் இதை வைத்து வாதாடட்டும். குடும்பம் நடத்துகிற நீங்கள் பத்து என்றே திட்டமிடுங்கள், நோட்டையும் பத்து வருடத்துக்கு வையுங்கள்.

என் மைத்துனர் 2020 மார்ச்சில் மாமனார் காரியத்துக்காக மதுரைக்குப் போனார். பதினாறாம் நாள் முடித்துத் திரும்ப டிக்கெட் இருந்தது. அதற்குள் அங்கே விமானங்கள் நின்றன, இங்கே ஊரடங்கு வந்தது. அவர் திரும்பியது அக்டோபரில். பி.ஆருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று வருடக் கயிறு நீளமானது. ஆனால் குடியுரிமைக் கணக்கில் அந்த ஒரு வருடம் ஓட்டை. கொரோனா என்று காரணம் எழுதிப் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஓட்டையான வருடத்துக்கு அடுத்த நாளிலிருந்து புதிதாக எண்ண ஆரம்பித்துவிட்டார். நானாக இருந்தால் எழுதிப் பார்த்திருப்பேன், அவர் சுபாவம் வேறு.

வாசத்தை நிரூபிக்கப் பாஸ்போர்ட் முத்திரை மட்டும் போதாது. நகராட்சித் தண்ணீர், மின்சார பில், வாடகை ஒப்பந்தம், வரித்துறையான சார்ஸுக்குக் கொடுத்த வரிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி ரிப்போர்ட் எல்லாம் வருடத்துக்கு ஒரு உறையில் போட்டு வையுங்கள். பத்து உறை இருந்தால் பத்து வருடம் கண்முன்னே நிற்கும்.

சிங்க முத்திரையைத் திருப்பிக் கொடுக்கிற நாள்

படிவங்களில் இல்லாத கஷ்டம் இது. உங்கள் நாடு இரட்டைக் குடியுரிமை அனுமதிக்காவிட்டால் பழையதைத் துறந்த சான்று வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. இந்தியா அனுமதிப்பதில்லை. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும்.

வரிசை மாறக்கூடாது. இங்கே எழுத்தில் முடிவு வராமல் அங்கே எதையும் துறக்காதீர்கள், இடையில் எந்த நாடும் இல்லாமல் நிற்க நேரும். தூதரகத்திடம் 'வேறு குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாக நீங்கும்' என்று சட்டநிலையை விளக்கும் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். இங்கே உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் வாங்கியபின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்று பெறவேண்டும். அதற்குப் பிறகு அதே பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். 'யாருக்குத் தெரியப்போகுது' என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது ஓ.சி.ஐ. அட்டை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுப்பது. அது வரும்வரை விசா எடுத்துத்தான் சொந்த ஊருக்குப் போகமுடியும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இந்த இடைவெளியை மனதில் வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓ.சி.ஐ. இருந்தால் வாழ்நாள் முழுக்கப் போய்வரலாம். ஓட்டு இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். ஊரில் வயல் உள்ளவர்கள் வீட்டில் இதைப் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று பொங்கல் தாண்டியது.

இலங்கைத் தமிழர்களுக்கு நிலைமை வேறு. அங்கே இரட்டைக் குடியுரிமை உண்டு, தானாகக் கிடைக்காது. இந்நாட்டுக் குடியுரிமை பெறுவதற்கு முன்பே இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கவேண்டும். விட்டுவிட்டால் இழந்தபின் மீளப் பெற விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, அது சுற்றுவழி. இரண்டும் கையில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம்: தென்னாப்பிரிக்காவுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டைத்தான் காட்டவேண்டும், மற்றதைக் காட்டுவது குற்றம்.

குடிவரவுச் சட்டத்தையும் குடியுரிமைச் சட்டத்தையும் அடியோடு மாற்றுவதற்கான வெள்ளை அறிக்கையை அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்டது. ஆகவே இதைப் படிக்கிற நாளில் அமலில் உள்ள விதியைப் பார்த்துக்கொண்டு கட்டணத்தைக் கட்டுங்கள்.

பிள்ளைகள்

இங்கே குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுச் சான்றிதழை வாங்குங்கள். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் துணைத் தூதரகத்திலும் பதியவேண்டும். பெற்றோர் பி.ஆரில் இருக்கும்போது இங்கே பிறந்த குழந்தை, பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது ஆகும்வரை இங்கேயே வாழ்ந்திருந்தால், பிறப்பு வழிக் குடியுரிமைக்குத் தகுதி பெறும்.

மைத்துனரின் மகள் அப்படித்தான். மைத்துனர் கணக்கை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி இந்தியப் பாஸ்போர்ட்டை விடுவதாக இல்லை, அது அவர் இஷ்டம். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பிள்ளை பெயரில் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருந்தார்கள். அட்டையில் பள்ளிக்கூட லேபிள். முதல் வரி அவளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது: போனது, வந்தது, 24 நாள். காரணம் என்ற இடத்தில் 'மொட்டை'.